பெல்ட்டின் மூன்றாவது துளை

சேதுபதிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. காலையில் துபாய் சத்வாவில் சாப்பிட்ட மசால் தோசை ஒரு பாவமும் அறியாது. எல்லாம் தாரிணி என்கிற இருபத்தாறு வயதுப் பெண்ணால் வந்தது.

பன்னிரண்டு வருடங்களாக அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எது உடைந்தாலும், எரிந்தாலும், கவிழ்ந்தாலும் நேரில் போய்த் துப்புத் துலக்கி அறிக்கை கொடுப்பவர் சேதுபதி. தையற்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, வாய்த்துடுக்குக்குப் பஞ்சமில்லாத இளவேனில் என்று ஓர் உதவியாளர். அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். போன மாதம் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் தாரிணி வந்து உட்கார்ந்தாள். நேற்று, துபாயை விட்டு ஓர் அடி நகராமல், லேப்டாப்பில் எதையோ தட்டி, அல் ஐன் கிரேன் விபத்தில் குற்றவாளி யார் என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டாள். மேனேஜர் அந்த அறிக்கையைச் சேதுபதிக்கு அனுப்பி, 'சும்மா ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

அந்தச் 'சும்மா'வைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

"சார், இந்தக் காப்பிக் குடுவைச் சிலைய மூணாவது தடவையாப் பாக்குறோம்," என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த இளவேனில். "இன்னொரு சுத்து வந்தா அதுவே பாவம் பாத்து ஒரு கப் ஊத்திக் குடுத்துரும்."

"ரவுண்டானா ரவுண்டானாவா கட்டி வச்சிருக்கான். நான் என்ன பண்றது?"

"மேப்பைப் போடட்டுமா? தாரிணி லொகேஷன் அனுப்பியிருக்காளே."

"அதனாலதான் வேண்டாங்கறேன். அல் ஐனுக்கு எனக்கு வழி தெரியும்."

"தெரியும் சார். காப்பிக் குடுவைக்கும் உங்களை நல்லாத் தெரிஞ்சிருச்சு."

சேதுபதி அறிக்கையை எடுத்து மடியில் விரித்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு சந்தோஷம் வந்தது. "இதுல ஒரு தப்பு இருக்கு. நேத்து மத்தியானமே கண்டுபுடிச்சிட்டேன். கிரேன் ஆபரேட்டர் காலையில ஆறு முப்பத்தெட்டுக்கு, சுமை ஆடாம பாத்துக்கற கருவியை அணைச்சான்னு எழுதியிருக்கா. இந்த மாதிரி கருவிகளோட கடிகாரம் கிரீன்விச் நேரத்துல ஓடும். நம்ம நேரம் வேணும்னா நாலு மணி கூட்டணும். கூட்டலை."

"அப்ப பத்து முப்பத்தெட்டா? பெரிய தப்பாச்சே சார். அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு மணிக்குச் சொல்றேன். அப்ப மேனேஜரும் லைன்ல இருப்பார்."

இளவேனில் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வண்டியை ஓட்டினாள். அவள் வாயை மூடிக்கொள்வது அபூர்வம். சேதுபதி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டுக்குச் சற்று முன்புதான் யார்டுக்குள் நுழைந்தார்கள். வீடுகளுக்கான கான்கிரீட் சுவர்களை வார்த்து அனுப்புகிற இடம் அது. பாதுகாப்பு மேலாளர் ஃபவாஸ் வாசலிலேயே காத்திருந்தார். கீழக்கரைக்காரர். ஒரு வாரம் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"சுவரைத் தூக்கிட்டுக் கிரேன் போகும் சார். நிப்பாட்டுனா கயித்துல தொங்குற சுவர் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கறதுக்குத்தான் போன மாசம் ஸ்மார்ட் கருவி போட்டோம். 'ஆன்ட்டி ஸ்வே'ம்பாங்க. பசங்க சுருக்கமா 'ஆன்ட்டி'ங்கறானுவ. கயிறு எவ்வளவு நீளம், வண்டி என்ன வேகம்னு அதுவே கணக்குப் போட்டு, சுவரை ஆடவிடாம நிறுத்திரும்."

"ஆன்ட்டி இருக்கற வீட்டுல யாரும் ஆட முடியாதுதான்," என்றாள் இளவேனில்.

ஃபவாஸ் சிரிக்கவில்லை. மூன்று நாள் முன்பு, காலையில், மூன்று டன் சுவர் ஒன்று வீசி ஆடி, பக்கத்து அடுக்கில் மோதியது. அடுக்கு சரிந்தது. பின்னால் குனிந்து கொக்கி பொறுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி மூசாவின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள். பத்தொன்பது வருட ஆபரேட்டர் கோபாலசாமி கையில் கிரேன் ரிமோட்டோடு சிலை மாதிரி நின்றிருந்தார். கருவி அணைக்கப்பட்டிருந்தது.

"அவருக்கு ஆன்ட்டியக் கண்டாலே ஆகாது சார். கேம்ப் மெஸ்ஸுல நாப்பது பேர் முன்னாடி, 'இவ எனக்கு வந்த சக்களத்தி, ஒரு நாள் என்ன பண்றேன் பாருங்கடா'ன்னு சொல்லியிருக்கார். இப்ப உங்க ரிப்போர்ட்டும் வந்துருச்சு. டூட்டி தொடங்கறதுக்கு முன்னாடியே, ஆறு முப்பத்தெட்டுக்கே அணைச்சு வச்சிருக்கார். அப்ப திட்டம் போட்டுத்தானே? ரெண்டு மணிக்குப் போலீஸ் அதிகாரி வர்றார். 'வேண்டுமென்றே'ன்னு ஒரு வார்த்தை அதுல ஏறுச்சுன்னா ஜெயில். அப்புறம் ஊரு. இந்தப் பக்கமே திரும்பத் தலை வச்சுப் படுக்க முடியாது."

ஆறு முப்பத்தெட்டு தப்பு என்பது சேதுபதியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

கோபாலசாமியை ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அறந்தாங்கிக்காரர். நாற்பத்து நான்கு வயது, வஞ்சனையில்லாத தொப்பை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அணைச்சீங்களா?" என்றார் சேதுபதி.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார். எழுதிக்கங்க."

"என்னன்னு எழுத?"

"அவங்க என்ன சொல்றாங்களோ, அதையே."

வெளியே வந்ததும் சேதுபதி தலையைச் சொறிந்தார். குற்றமில்லாதவன் கத்துவான். குற்றம் செய்தவன் புளுகுவான். இந்த மனிதர் இரண்டும் செய்யவில்லை.

"கருவிதான் பொய் சொல்லுது," என்றார். "தானா அணைஞ்சிருக்கும். அதை நம்பி அந்தப் பொண்ணு எழுதியிருக்கா."

"சார், நீங்க கருவிய விசாரிக்கறீங்களா, தாரிணியப் பழி வாங்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான். வா."

விபத்துக் கிரேனைப் பூட்டி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கிரேனில் அதே கருவி இருந்தது. அதை ஓட்டிக் காட்ட ஒல்லியான ஒரு ஆள் வந்தார். பாலகுரு, முப்பத்தொரு வயது.

"கோபாலசாமியோட தங்கச்சி மாப்பிள்ளை. அவர்தான் விசா எடுத்துக் கூட்டிட்டு வந்தார்," என்றார் ஃபவாஸ். "ஆன்ட்டி வந்த பிறகு ரிமோட் புடிச்சவர். டிரெய்னிங்ல முதல் மார்க்."

பாலகுரு ரிமோட்டின் பெல்ட்டை இடுப்பில் மாட்டி ஒரு சுவரைத் தூக்கினார். கிரேன் வேகமாக ஓடி நின்றது. மூன்று டன் சுவர் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. ஐந்து தடவை ஓட்டினார். ஐந்து தடவையும் அப்படியே. சேதுபதிக்குக் கருவியின் மேலும் பொறாமை வந்தது.

"இப்ப அணைச்சிட்டு ஓட்டுங்க, பாப்போம்."

பாலகுரு ரிமோட்டைக் கழற்றினார். "எனக்கு அனுமதி இல்ல சார்."

ஃபவாஸே வாங்கி, சுவரை இறக்கிவிட்டு, வெறும் கொக்கியோடு ஓட்டிக் காட்டினார். அணைத்ததும் மேலே கிரேன் உத்தரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று மின்னத் தொடங்கியது. கிரேன் நின்றபோது கொக்கி மட்டும் நிற்காமல் இப்படியும் அப்படியும் வீசியது.

"தானா அணையுமா?"

"அணையாது சார். சாவி போட்டுத் திருகணும். சாவி ரிமோட்லயே இருக்கும்."

சேதுபதியின் கட்சி அங்கேயே தோற்றது. கருவி பொய் சொல்லவில்லை. அப்படியானால் தாரிணி சொன்னதுதான் சரி. அவருக்குச் சோறு இறங்காது போல் இருந்தது.

"விபத்து அன்னைக்கு இருந்த ரிமோட் எங்க?"

ஃபவாஸ் அலமாரியைத் திறந்து, சீல் வைத்த பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்தார். டப்பா போன்ற மஞ்சள் ரிமோட். அதோடு கோத்த கறுப்பு பெல்ட், பக்கிள் மாட்டினபடியே இருந்தது. கோபாலசாமி கையில் பிடித்திருந்ததை அப்படியே வாங்கிப் பையில் போட்டதாக ஃபவாஸ் சொன்னார்.

இளவேனில் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். "சார், இந்த பெல்ட்டை எத்தனாவது துளையில மாட்டியிருக்காங்க?"

"மூணாவது."

"மூணாவது துளையில மாட்டுனா எனக்கே மூச்சு முட்டும். கோபாலசாமி அண்ணனோட தொப்பைக்கு இது பாதிச் சுத்துகூட வராது."

சேதுபதி பெல்ட்டை உற்றுப் பார்த்தார். கடைசித் துளை மட்டும் இழுபட்டு நீள்வட்டமாகியிருந்தது. அது கோபாலசாமியின் துளை. மூன்றாவது துளை புதிதாக, கச்சிதமாக இருந்தது. கோபாலசாமி ரிமோட்டை இடுப்பில் கட்டியிருக்கவில்லை. கையில்தான் வைத்திருந்தார். வேறு யாரோ ஒரு ஒல்லி ஆசாமி கட்டியிருந்ததைப் பிடுங்கியிருக்கிறார்.

"பத்து முப்பத்தெட்டுக்கு இங்க என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு டீ வரும் சார். பதினஞ்சு நிமிஷம் எல்லாரும் டீ கேனைச் சுத்தித்தான். ஏன், பத்து முப்பத்தெட்டுக்கு என்ன?"

"சொல்றேன்," என்று நழுவினார் சேதுபதி.

இளவேனில் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சார், முழு பதிவும் வேணும். எந்தப் பொத்தானை எப்ப எவ்வளவு நேரம் அமுக்குனாங்கன்னு ஒவ்வொண்ணும் அதுல இருக்குமாம். தாரிணிகிட்டதான் இருக்கு. நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

"நீயே பேசு."

ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தது. கூடவே, 'வேற எதுவும் வேணுமா? சேதுபதி சார் போயிருக்காங்கன்னா எனக்குக் கவலை இல்லை' என்று ஒரு செய்தி. இளவேனில் அதை வேண்டுமென்றே உரக்கப் படித்தாள். அந்தப் பெண் கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் சேதுபதிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இருவரும் பதிவை மேஜையில் வைத்துப் பார்த்தார்கள். கோபாலசாமி பத்து நாள் முன்பு, சோதனைக்காகக் கருவி இல்லாமல் நாற்பது சுவர்கள் தூக்கியிருந்தார். நாற்பதிலும் ஒரே மாதிரி. முன்னால் போ, நில், மறுபடி முன்னால் அரை செகண்ட், நில்.

"இது என்ன, கடைசியில ஒரு குட்டித் தட்டு?" என்றாள்.

"கைவேலை சார் அது," என்றார் ஃபவாஸ். "கிரேன் நின்னதும் சுவர் முன்னால வீசும். அது வீசுற பக்கமே கிரேனைக் கொஞ்சம் தட்டிவிட்டா, கிரேன் சரியா அது தலைக்கு மேல வந்துரும். ஆட்டம் செத்துரும். பழைய ஆபரேட்டருங்களுக்குத் தூக்கத்துலகூட விரல் அப்படித்தான் போகும்."

விபத்து நேரத்து வரியில் இளவேனில் விரலை வைத்து, நாலு மணி கூட்டிப் படித்தாள். "பத்து முப்பத்தெட்டு, கருவி அணைப்பு. பத்து நாப்பத்தொண்ணு, முன்னால், ஒன்பது செகண்ட். நில். அவ்வளவுதான். தட்டே இல்லை."

சேதுபதி எழுந்தார். "ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

மணி ஒன்று இருபது. கோபாலசாமியும் பாலகுருவும் ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து நின்றார்கள். சேதுபதி தன் கழுத்திலிருந்த அடையாள அட்டைக் கயிற்றைக் கழற்றி, அதன் நுனியில் கார் சாவியை மாட்டினார்.

"கோபாலசாமி, இந்தச் சாவியத் தொங்கவிட்டு, மேஜையோட அந்த ஓரத்துலேர்ந்து இந்த டீ கிளாஸ் வரைக்கும் வேகமாக் கொண்டு வந்து நிறுத்துங்க."

கோபாலசாமி அலுப்போடு கயிற்றை வாங்கினார். கை ஓடியது, நின்றது. நின்ற மறு நொடி மணிக்கட்டு அவரைக் கேட்காமலே ஒரு விரற்கடை முன்னால் நழுவியது. சாவி கிளாஸுக்கு முன்னால் செத்த மாதிரி தொங்கியது.

"இப்ப பாலகுரு."

பாலகுருவின் கை ஓடி நின்றது. அசையவில்லை. சாவி வீசிப் போய்க் கிளாஸில் 'டிங்' என்று மோதியது.

அந்தச் சத்தத்துக்கே பாலகுரு பாதி செத்துவிட்டார். சேதுபதி அவர் தோளில் கை வைத்தார். அதட்ட மனம் வரவில்லை.

"தம்பி, நானும் இன்னைக்குக் காலையில ஒண்ணை அணைச்சு வச்சேன். ஃபோன்ல மேப்பு. அது இல்லாம எனக்கும் வழி தெரியும்னு காட்டணும்னு. ஒரு மணி நேரம் ஒரு காப்பிக் குடுவையச் சுத்துனேன். எனக்குச் சேதம் ஒண்ணுமில்ல. உனக்குத்தான்..."

பாலகுரு தரையில் உட்கார்ந்துவிட்டார். "முதல் மார்க்கு வாங்குனேன் சார். மெஸ்ஸுல ஒருத்தன் மதிக்கல. மார்க்கு ஆன்ட்டியோடது, ஒன்னோடது இல்லன்னு சிரிச்சானுவ. ஊருக்கு ஃபோன் போட்டு அருணாகிட்டச் சொன்னா, அவளும் 'எங்கண்ணன் கைய வச்சா கல்லும் நிக்கும்'ங்கறா. எம் பொண்டாட்டி சார் அவ! மச்சான் டீ குடிக்கப் போறப்ப ரிமோட்டை எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போவாரு. ஒரே ஒரு தடவ, ஆன்ட்டி இல்லாம எனக்கும் நிக்குதான்னு பாக்கலாம்னு... மூசா அங்க குனிஞ்சிருந்தது சத்தியமாத் தெரியாது சார்."

ஃபவாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி வாழ்க்கை போயிரக் கூடாதுன்னு பழியத் தான் ஏத்துக்கிட்டிருக்கார் மனுஷன். நாங்க என்னென்னவோ பேசிட்டோம்."

கோபாலசாமி தலையைத் தூக்கவில்லை. புகழ்ச்சி காதில் விழுந்த மனிதர் இப்படிக் கூனிப் போக மாட்டார் என்று சேதுபதிக்குப் பட்டது. பதிவை மறுபடி பார்த்தார். அணைத்தது முப்பத்தெட்டு. ஓட்டியது நாற்பத்தொன்று.

"ஃபவாஸ், டீ கேன் எங்க வைப்பாங்க?"

"கிரேனுக்கு நேர் எதிர்லதான் சார்."

"மத்தவங்க டீயை ஊதிக்கிட்டிருப்பாங்க. ஆனா பத்தொன்பது வருஷ ஆபரேட்டர், தன் கிரேனை அடுத்தவன் கைல குடுத்துட்டு, அதைப் பாக்காம டீ குடிக்க மாட்டார்." சேதுபதியின் குரல் தாழ்ந்தது. "மூணு நிமிஷம் அந்த மஞ்சள் விளக்கு மின்னியிருக்கு. பாத்தீங்களா, கோபாலசாமி?"

பாலகுரு தரையிலிருந்து நிமிர்ந்து தன் மச்சானைப் பார்த்தார்.

"பாத்தேன் சார்," என்றார் கோபாலசாமி. "மின்ன ஆரம்பிச்ச ஒடனே பாத்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பான். குடுக்கல. முந்தாநா வந்த பய, மொத மார்க்காம். ஆன்ட்டி இல்லன்னா இவன் லட்சணம் என்னன்னு எல்லாரும் பாக்கட்டும், ஆடட்டும்னு டீ கிளாஸோட நின்னேன். லேசா ஆடும், சிரிப்பாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன். மூசா அலறுனப்பதான் ஓடுனேன்." அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். "மாப்ளயக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பேசாம இருக்கல சார். அவன் செஞ்சது தெரியாத்தனம். நான் செஞ்சதுதான் வேணும்னே. போலீஸ்கிட்ட நானே சொல்றேன்."

பாலகுரு எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று ஃபவாஸ் குறுக்கே வந்தார். பாலகுரு அடிக்கவில்லை. "மச்சான்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சேதுபதி அறையை விட்டு வெளியே வந்தார். இளவேனில் பின்னாலேயே வந்தாள்.

"பிரமாதம் சார். பாம்பின் கால் பாம்பறியும்கறது சரியாத்தான் இருக்கு."

வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் அவர் ஒரு முறை முறைப்பார். இன்றைக்கு முறைக்கவில்லை. மணி ஒன்று நாற்பது. வாசலுக்கு அந்தப் பக்கம் போலீஸ் வண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அவர் மடித்து வைத்திருந்த அறிக்கையைப் பையிலிருந்து எடுத்தார். ஆறு முப்பத்தெட்டு என்ற இடத்தில் நேற்று அவரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார். அழகான வட்டம். ரசித்துப் போட்டது. அந்த நான்கு மணி நேரப் பிசகை வைத்துத்தான் ஒரு மனிதனை நேற்றிலிருந்து 'திட்டம் போட்டவன்' என்று உட்கார வைத்திருந்தார்கள்.

ஃபோனை எடுத்துத் தாரிணியை அழைத்தார்.

"சார்! சொல்லுங்க சார்."

"தாரிணி, உங்க ரிப்போர்ட்ல ஒரு தப்பு இருக்கு. அது ஆறு முப்பத்தெட்டு இல்ல, பத்து முப்பத்தெட்டு. கடிகாரம் கிரீன்விச் நேரம். நாலு மணி கூட்டணும். போலீஸ் வாசலுக்கு வந்தாச்சு. உடனே திருத்தி ஃபவாஸுக்கு அனுப்புங்க. மிச்சத்தை நான் எழுதறேன்."

அந்தப் பக்கம் விசைகள் படபடவென்று தட்டப்பட்டன. "அனுப்பிட்டேன் சார். ஐயோ, எவ்வளவு பெரிய தப்பு! ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க இல்லன்னா அந்த மனுஷன் கதி என்ன? இதை எப்ப சார் கண்டுபுடிச்சீங்க?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இளவேனில்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோபாலசாமி போலீஸுக்காக எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம்," என்றார் சேதுபதி.

"நேத்தேவா? ஏன் சார் அப்பவே சொல்லல?"

சேதுபதி அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார்.

"ஆடட்டும்னு விட்டுட்டேம்மா."